மேசைக் கணினியில் யு.எஸ்.பி 3 கார்ட் போட்ட பின் வரும் கோளாறுகள்: எதை முதலில் பார்ப்பது?

யாழ்ப்பாணத்தில் நான் திறந்து பார்க்கும் மேசைக் கணினிகளில் ஜி41, எச்61 என்ற பழைய இன்டெல் சிப்செட் (மதர்போர்டின் இணைப்புகளை நடத்தும் சிப்) கொண்ட மதர்போர்ட் உள்ளவை இன்னும் தாராளமாக இருக்கின்றன. இன்டெல் தன் சிப்செட்டுக்குள்ளேயே யு.எஸ்.பி 3 ஐச் சேர்த்தது 2012 இல் வந்த 7 தொடரிலிருந்துதான். அதற்கு முந்தியவற்றின் பின்பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் யு.எஸ்.பி 2 போர்ட்களே. கணக்கு எழுதவும் வினாத்தாள் தட்டச்சிடவும் அந்தக் கணினிகளில் ஒரு குறையும் இல்லை. கல்யாண வீடியோவையோ நல்லூர்த் தேர்த் திருவிழாப் படங்களையோ வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றும்போதுதான் பொறுமை போகிறது. அதற்காகப் புதுக் கணினி வாங்கத் தேவையில்லை. மதர்போர்டில் சும்மா இருக்கும் பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் ஸ்லொட்டில் ஒரு யு.எஸ்.பி 3 கார்டைப் பொருத்தினால் போதும்.

பொருத்துவது சில நிமிட வேலை. அதன் பிறகு "கார்ட் பழுது, மாற்றித் தாருங்கள்" என்று கடைக்குத் திரும்பிப் போகிறவர்கள் பலர். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கார்டைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். மின்சாரம், கேபிள், ஸ்லொட் மூன்றையும் பார்த்து முடித்த பிறகே அதன் முறை வருகிறது. கீழே அறிகுறி அறிகுறியாகப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில் வரும், செலவுள்ளது பின்னால் வரும். உங்கள் கணினி காட்டும் அறிகுறியைத் தேடி அந்தப் பகுதியை மட்டும் வாசித்தால் போதும்.

கேசிங்கைத் திறப்பதற்கு முன் எல்லோரும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கணினியை நிறுத்துங்கள், சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றுங்கள், பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து மிஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றுங்கள், கேசிங்கின் வெறும் இரும்பைத் தொட்டுவிட்டுக் கையை உள்ளே விடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு வேலை செய்ய வேண்டாம்.

## கார்ட் போட்ட பின் கணினி ஓடவே மறுக்கிறது

முதலில் கார்டைக் கழற்றிவிட்டு ஓடவிட்டுப் பாருங்கள்.

கார்ட் இல்லாமலும் ஓடவில்லை: கார்டைப் போடும்போது கை வேறு எதையோ அசைத்திருக்கிறது. அலுவலகங்களிலிருந்து கழித்து விற்கப்படும் ஒடுக்கமான கேசிங்குகளில் இது அடிக்கடி நடக்கும். ரேம் பலகையைக் கழற்றி, இரு பக்கக் கொக்கிகளும் தாமாக மூடும்வரை மீண்டும் அழுத்துங்கள். மதர்போர்டுக்குப் போகும் 24 முள் இணைப்பையும், புரோசசருக்குப் பக்கத்திலுள்ள 4 முள் இணைப்பையும் ஒருமுறை அழுத்திவிடுங்கள்.

கார்ட் இல்லாமல் ஓடுகிறது, போட்டால் நின்றுவிடுகிறது: வேறு ஸ்லொட்டில் போட்டுப் பாருங்கள். கார்டுக்குத் தனியாகப் பவர் வயர் கொடுத்திருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஓடவிடுங்கள். அப்போது ஓடினால் கோளாறு அந்த வயரில் இருக்கிறது. சில பழைய கார்ட்களில் புளொப்பி டிரைவுக்குரிய சிறிய நான்கு முள் இணைப்பு இருக்கும். அது வலுவில்லாத இணைப்பு, அழுத்தினால் தலைகீழாகவும் ஏறிவிடும். அப்படி ஏறினால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகும். அப்படி ஒருமுறை ஓடவிட்டிருந்தால் அந்தக் கார்டில் இனி எதையும் செருக வேண்டாம். கார்ட் உயிரோடு இருப்பதுபோலத் தெரிந்தாலும் உங்கள் ஹார்ட் டிஸ்க்கை அதை நம்பிக் கொடுக்கக் கூடாது.

பவர் பொத்தானை அழுத்தியதும் விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது, எந்த ஸ்லொட்டில் போட்டாலும் அதே கதை என்றால் எங்கோ ஷோர்ட் இருக்கிறது. திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்தாமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

## கணினி ஓடுகிறது, கார்ட் இருப்பதே தெரியவில்லை

கணினியின் பாகங்களை விண்டோஸ் பட்டியலிட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, யு.எஸ்.பி கன்ட்ரோலர்கள் உள்ள பகுதியைப் பாருங்கள். கார்ட் போடுவதற்கு முன் இருந்த பட்டியலுக்கும் இப்போதுள்ளதற்கும் வித்தியாசமே இல்லையென்றால், மதர்போர்ட் கார்டைக் காணவில்லை என்று பொருள். டிரைவர் (கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) தேடி இணையத்தில் அலைய வேண்டாம். காணாத கார்டுக்கு டிரைவர் போட முடியாது.

சரியாக அமர்ந்திருக்கிறதா? கார்டின் தகட்டைத் திருகாணியால் இறுக்கும்போது முன்முனை மேலெழும்பிவிடுவது வழக்கம். திருகாணியைத் தளர்த்தி, கார்டை நேராக அழுத்தி, அழுத்திப் பிடித்தபடியே இறுக்குங்கள். ஒடுக்கமான கேசிங்குக்குக் குட்டைத் தகடு தேவை. நெடிய தகட்டை வளைத்தோ கழற்றியோ ஒப்பேற்றினால் கேபிளைச் செருகும் ஒவ்வொரு முறையும் கார்ட் ஆடும். கார்ட் வாங்கும்போதே பெட்டிக்குள் இரண்டு தகடுகளும் இருக்கின்றனவா என்று கேட்டு வாங்குங்கள்.

தூசி, களிம்பு: சோளகக் காற்று வீசும் மாதங்களில் உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துக் கணினிகளைத் திறந்தால் ஸ்லொட்டுகளுக்குள் செம்மண் தூசி மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். கடற்கரையை அண்டிய வீடுகளில் உப்புக் காற்று தொடுமுனைகளை மங்கச் செய்யும். ஸ்லொட்டை மெல்லிய, காய்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். கார்டின் பொன்னிற முனைகளை வெள்ளை அழிறப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துணியால் துடைத்துவிட்டுப் போடுங்கள். வாயால் ஊத வேண்டாம். எச்சில் ஈரம் உள்ளே போகும்.

வேறு ஸ்லொட்: ஒற்றைத் தடக் கார்ட் (தரவு போகும் பாதை ஒன்று மட்டும் கொண்ட, குட்டி ஸ்லொட்டுக்குரிய கார்ட்), கிராபிக்ஸ் கார்டுக்குரிய நீண்ட ஸ்லொட்டிலும் வேலை செய்யும். அந்த ஸ்லொட் காலியாக இருந்தால் அதில் போட்டுப் பாருங்கள். அங்கே தெரிந்தால் கார்ட் நல்லது, குட்டி ஸ்லொட்தான் சந்தேகத்துக்குரியது.

ஸ்லொட் மூடப்பட்டிருக்கலாம்: சற்றுப் புதிய மதர்போர்டுகளில், போர்டிலேயே நேரே பொருத்தும் எம்.2 எஸ்.எஸ்.டி போட்டவுடன் ஒரு ஸ்லொட் செயலிழக்கும் அமைப்பு உண்டு. இரண்டும் ஒரே தடங்களைப் பங்கிட்டுக்கொள்வதே காரணம். மதர்போர்டின் கையேட்டில் ஸ்லொட்கள் பற்றிய பக்கத்தில் இது சிறிய எழுத்தில் இருக்கும். விண்டோஸ் ஏறுவதற்கு முன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரையான பயோஸிலும் சில ஸ்லொட்களை அணைத்துவைக்கும் தெரிவு இருக்கும். என்ன மாற்றினோம் என்று நினைவில்லாவிட்டால் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பிவிட்டுப் பாருங்கள்.

அது யு.எஸ்.பி கார்டே இல்லை: இதை அழுத்தமாகச் சொல்கிறேன். கிரிப்டோ நாணயம் தோண்டுவோர் கிராபிக்ஸ் கார்ட்களைத் தள்ளி வைப்பதற்குப் பயன்படுத்தும் ரைசர் என்று ஒரு பொருள் உண்டு. அதன் ஒரு பாகம் ஸ்லொட்டில் பொருந்தும் குட்டிப் பலகை. அதில் நீல நிறத்தில் யு.எஸ்.பி 3 போர்ட் போலவே ஒரு துளை இருக்கும். அதில் ஓடுவது யு.எஸ்.பி சிக்னல் அல்ல. யு.எஸ்.பி கேபிளைக் கடன் வாங்கி பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் சிக்னலை அனுப்புகிறார்கள். அதில் பென் டிரைவைச் செருகினால் பென் டிரைவ் பாழாகலாம். அடையாளம் காண்பது சுலபம்: உண்மையான யு.எஸ்.பி கார்டில் நகத்தளவாவது ஒரு சதுரக் கறுப்புச் சிப் இருக்கும். ரைசரின் குட்டிப் பலகையில் அப்படி எதுவும் இருக்காது. இணையத்தில் விலை மலிவாகக் கண்டு வாங்கியிருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

நேற்றுவரை இருந்தது, இடிமின்னலுக்குப் பின் காணவில்லை: ஐப்பசி, கார்த்திகையில் இந்த அறிகுறி வரும். நெட்வொர்க் போர்ட்டும் சேர்ந்து செத்திருந்தால் மின்னல் கேபிள் வழியாக உள்ளே வந்திருக்கிறது. இது வீட்டில் பார்க்கும் வேலை அல்ல. மதர்போர்டைச் சோதிக்கக்கூடியவரிடம் கொடுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகு, அதே கார்ட் இன்னொரு கணினியில் தெரிந்தால் உங்கள் மதர்போர்டின் ஸ்லொட் பழுது. இன்னொரு கணினியிலும் தெரியாவிட்டால் கார்ட் பழுது, தயங்காமல் மாற்றிக் கேளுங்கள்.

## கார்ட் தெரிகிறது, ஆனால் மஞ்சள் அடையாளம் விழுந்திருக்கிறது

அந்த வரியை இரட்டைக் கிளிக் செய்தால் ஓர் இலக்கம் காட்டும். அதுதான் உங்களுக்கு வழிகாட்டி.

28 என்றால் டிரைவர் இல்லை. விண்டோஸ் 8 இலிருந்து யு.எஸ்.பி 3 டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே வருகிறது. விண்டோஸ் 7 இல் அது கிடையாது, கார்டின் சிப்புக்குரிய டிரைவரை நாமே போட வேண்டும். சிப்பின் பெயர் சிப்பின் முதுகிலேயே எழுதியிருக்கும். வி.ஐ.ஏ, ரெனேசாஸ், ஏ.எஸ்.மீடியா ஆகியவை அதிகம் காணப்படுபவை. எழுத்துத் தேய்ந்திருந்தால் அதே பெட்டியில் டீட்டெய்ல்ஸ் பகுதிக்குப் போய் ஹார்ட்வேர் அடையாளத்தைப் பாருங்கள். VEN_ என்பதை அடுத்து 1106 என்று இருந்தால் வி.ஐ.ஏ, 1912 என்றால் ரெனேசாஸ், 1பி21 என்றால் ஏ.எஸ்.மீடியா. டிரைவர் இறக்கித் தருவதாகச் சொல்லும் பொதுவான மென்பொருள்களை நிறுவ வேண்டாம். அவை கொண்டுவந்து சேர்க்கும் குப்பையை அகற்றுவது கார்ட் போடுவதைவிடப் பெரிய வேலை.

10 என்றால் டிரைவர் இருக்கிறது, சாதனம் தொடங்கவில்லை. முதலில் கணினியை முழுமையாக நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, ஒரு நிமிடம் விட்டு ஓடவிடுங்கள். மறுதொடக்கம் மட்டும் போதாது, கார்டுக்குப் போகும் மின்சாரம் அற்றுப்போக வேண்டும். ரெனேசாஸ் சிப் உள்ள சில கார்ட்களில், சிப்பை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைச் சேமிக்கும் சிறு சிப் தனியே இருக்காது. டிரைவர்தான் ஒவ்வொரு முறையும் அதை ஊட்ட வேண்டும். அப்படிப்பட்ட கார்டுக்கு விண்டோஸின் பொது டிரைவர் போதாமல் போகும், சிப் தயாரிப்பாளரின் டிரைவரைப் போட்டால் எழும்பிவிடும்.

43 என்பது கார்டின் மேல் விழுந்திருக்கிறதா, அதில் செருகிய சாதனத்தின் மேல் விழுந்திருக்கிறதா என்று கவனியுங்கள். அடையாளம் தெரியாத யு.எஸ்.பி சாதனம் என்ற வரியோடு வந்தால் பெரும்பாலும் கார்ட் நன்றாக இருக்கிறது. சாதனமோ கேபிளோதான் பிழை.

## மவுஸ் வேலை செய்கிறது, ஹார்ட் டிஸ்க் செருகினால் டிக் டிக் என்கிறது, அல்லது நடுவில் காணாமல் போகிறது

நான் அதிகம் பார்ப்பதும், அதிகம் கவலைப்படுவதும் இந்த அறிகுறியைத்தான். மற்றக் கோளாறுகளில் நேரம் போகும். இதில் படங்களும் வீடியோவும் போய்விடும்.

ஹார்ட் டிஸ்க் ஒழுங்கான இடைவெளியில் டிக், டிக் என்று ஒலிக்கிறதென்றால், தட்டு சுழல மின்சாரம் போதாமல் தொடங்குவதும் நிற்பதுமாக இருக்கலாம், அல்லது உள்ளே வாசிக்கும் தலை பழுதாகியிருக்கலாம். வெளியே நின்று கேட்பவருக்கு இரண்டும் ஒரே ஒலிதான். ஆகவே உடனே கழற்றுங்கள். நல்ல மடிக்கணினி ஒன்றில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். அங்கே ஒலி இல்லாமல் ஓடினால் உங்கள் கார்டுக்கு மின்சாரம் போதவில்லை. அங்கேயும் ஒலித்தால் ஹார்ட் டிஸ்க்கை மேலும் ஒருமுறைகூட ஓடவிடாதீர்கள். தரவு மீட்பவரிடம் நேரே போங்கள். வீட்டில் மீட்பு மென்பொருள் ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் மீட்கக்கூடிய பங்கு குறைகிறது.

மின்சாரக் குறைவு என்று தெரிந்தால் கணக்கு எளியது. யு.எஸ்.பி 3 போர்ட் ஒன்று 5 வோல்ட்டில் 900 மில்லி அம்பியர் தர வேண்டும், அதாவது 4.5 வாட். நான்கு போர்ட்டுக்கு 18 வாட். ஒற்றைத் தட ஸ்லொட் ஒன்று சாதாரணமாகத் தருவது 10 வாட். மீதியை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். அதற்குத்தான் கார்டின் பின்முனையில் சாட்டா (தட்டையானது) அல்லது மோலெக்ஸ் (பெரிய நான்கு முள்) பவர் இணைப்பு வைத்திருக்கிறார்கள். பலர் அதைக் காலியாகவே விட்டுவிடுகிறார்கள். மவுஸும் பென் டிரைவும் ஓடுவதால் எல்லாம் சரி என்று தோன்றிவிடுகிறது.

பார்க்க வேண்டிய ஒழுங்கு:

பவர் இணைப்பு செருகியிருக்கிறதா? செருகியிருந்தால், பவர் சப்ளையிலிருந்து நேரே வரும் வயரா, இடையில் மாற்றி எதுவும் இருக்கிறதா? மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் மலிவான வயர்களில், வயரும் பிளாஸ்டிக்கும் ஒன்றாக வார்க்கப்பட்ட வகை உள்ளே ஷோர்ட் ஆகி உருகக்கூடியது. அதைக் கண்டால் எடுத்து எறிந்துவிடுங்கள். ஒவ்வொரு வயரும் தனித்தனியாக முனைக்குள் நுழைவது கண்ணுக்குத் தெரியும் வகையை வாங்குங்கள்.

கார்டில் பவர் இணைப்பே இல்லையா? அப்படியானால் அது ஸ்லொட்டின் 12 வோல்ட்டைத் தானே 5 வோல்ட்டாக்கிக்கொள்ளும் வகை. ஒரே நேரத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க் மட்டும் செருகுங்கள். இரண்டு தேவையென்றால் தனி அடாப்டர் உள்ள யு.எஸ்.பி ஹப் வாங்குவதே மலிவான தீர்வு. அடாப்டர் இல்லாத ஹப் இந்த இடத்தில் உதவாது, இருக்கும் மின்சாரத்தையே பங்கு போடும்.

கேபிள் நீளம் எவ்வளவு? யு.எஸ்.பி 3 க்கு 3 மீற்றருக்கு மேல் நம்ப முடியாது. ஹார்ட் டிஸ்க்கோடு வந்த குறுகிய கேபிளை விட்டுவிட்டு, நீட்டிக் கேபிள் போட்டு மேசைக்குக் கொண்டுவந்திருந்தால், நீட்டியைக் கழற்றி நேரே கார்டில் செருகிப் பாருங்கள். இந்த ஒரு சோதனையிலேயே பலருடைய சிக்கல் முடிந்துவிடுகிறது.

பவர் சப்ளை எப்படி? மல்டி மீற்றர் பிடிக்கத் தெரிந்தால், கணினி ஓடிக்கொண்டு ஹார்ட் டிஸ்க் சுழலும்போது, காலியான மோலெக்ஸ் முனையில் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே அளந்து பாருங்கள். 4.75 இற்கும் 5.25 இற்கும் இடையில் நிற்க வேண்டும். படம் பிரதி செய்யும்போது 4.75 இற்குக் கீழே இறங்கினால் பவர் சப்ளையை மாற்றும் காலம் வந்துவிட்டது. மல்டி மீற்றர் பிடித்துப் பழக்கமில்லாதவர் இதைச் செய்ய வேண்டாம். முள் நழுவி மஞ்சள் வயரையும் சிவப்பையும் தொடுத்துவிட்டால் நட்டம் பெரிது. பவர் சப்ளையின் மூடியை யாரும் வீட்டில் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பின்னும் அதன் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

நடுவில் அறுந்துபோன ஹார்ட் டிஸ்க்கை மீண்டும் செருகும்போது, பயன்படுத்துமுன் பார்மட் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் கேட்கலாம். வேண்டாம் என்று அழுத்துங்கள். உள்ளே கோப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும், எது எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் அட்டவணைதான் கலைந்திருக்கும். திரும்ப எடுக்க முடியாத படங்கள் இருந்தால் எந்தத் திருத்தும் கட்டளையையும் ஓடவிடாமல், தெரிந்தவரிடம் முழு டிஸ்க்கையும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு தொடங்கச் சொல்லுங்கள்.

## எல்லாம் ஓடுகிறது, வேகம்தான் வரவில்லை

பெரிய ஒரே கோப்பு ஒன்றைப் பிரதி செய்து, விண்டோஸ் காட்டும் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான சிறு படங்களை வைத்து வேகம் அளக்காதீர்கள், அது எந்தப் போர்ட்டிலும் மெதுவாகத்தான் போகும்.

விநாடிக்கு 30 முதல் 40 மெகாபைட்டில் அசையாமல் நிற்கிறது: இது யு.எஸ்.பி 2 இன் வேகம். எங்கோ ஓரிடத்தில் பழைய வேகத்துக்கு இறங்கியிருக்கிறது. 64 ஜிகாபைட் கமராக் கார்ட் ஒன்றை விநாடிக்கு 35 மெகாபைட்டில் எடுக்க அரை மணி நேரம் ஆகும். 90 இல் எடுத்தால் பன்னிரண்டு நிமிடம். அன்றைக்கே படம் கொடுக்க வேண்டிய ஸ்டூடியோக்காரருக்கு இது சிறிய வித்தியாசம் அல்ல.

முதலில் கழற்றி, தயங்காமல் ஒரே தள்ளாகச் செருகுங்கள். மெதுவாகச் செருகும்போது சில வேளை பழைய வேகத்திலேயே இணைந்துவிடுகிறது. அடுத்து கேபிளின் தலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். யு.எஸ்.பி 2 இல் நான்கு தொடுமுனைகள் மட்டும் இருக்கும். 3 இல் மேலும் ஐந்து இருக்கும். நீல நிறத்தை நம்ப வேண்டாம், நிறம் கட்டாயமில்லை. ஹார்ட் டிஸ்க் பக்கத்தில் இரண்டு பகுதியாகப் பிரிந்த அகலத் தலை இருக்க வேண்டும். அந்தத் துளையின் அகலமான பாதியில் பழைய தொலைபேசியின் மைக்ரோ யு.எஸ்.பி கேபிளும் ஏறும், டிஸ்க்கும் ஓடும், வேகம் மட்டும் யு.எஸ்.பி 2 ஆகிவிடும். டைப் சி தலை இருந்தாலும் ஏமாறாதீர்கள். தொலைபேசியோடு வரும் சார்ஜ் கேபிள்களில் பெரும்பாலானவை யு.எஸ்.பி 2 வேகம் மட்டுமே கொண்டவை.

200 மெகாபைட் அளவில் முட்டி நிற்கிறது, எஸ்.எஸ்.டியாக இருந்தும்: ஜி41 போன்ற பழைய போர்டின் குட்டி ஸ்லொட் முதல் தலைமுறை பி.சி.ஐ எக்ஸ்பிரஸ். அதன் உச்சமே விநாடிக்கு 250 மெகாபைட். கார்டில் பிழையில்லை. கிராபிக்ஸ் ஸ்லொட் காலியாக இருந்தாலும் இந்தப் போர்டில் கார்டை அங்கே மாற்றுவதால் பயன் இல்லை, அதுவும் அதே தலைமுறைதான். ஹார்ட் டிஸ்க் மட்டும் பாவிப்பவருக்கு இந்தத் தடையே தெரியாது.

10 ஜிகாபிட் கார்ட் வாங்கியும் 400 ஐத் தாண்டவில்லை: இரண்டாம் தலைமுறை ஒற்றைத் தடத்தின் எல்லை விநாடிக்கு 500 மெகாபைட், நடைமுறையில் 400 சொச்சம். 10 ஜிகாபிட் முழுதாக வேண்டுமென்றால் நான்கு தடக் கார்டை நீண்ட ஸ்லொட்டில் போட வேண்டும். கிராபிக்ஸ் கார்ட் அந்த இடத்தைப் பிடித்திருந்தால், 5 ஜிகாபிட் கார்டோடு திருப்திப்படுங்கள். மேலதிகக் காசு வீண். கேபிளும் 1 மீற்றரைத் தாண்டக் கூடாது. பெட்டியில் 3.2 ஜென் 1 என்று எழுதியிருந்தால் அது பழைய 3.0 இன் அதே 5 ஜிகாபிட்தான். பெயரைப் பார்க்காமல் ஜிகாபிட் இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்.

தொடக்கத்தில் வேகம், பிறகு சரிகிறது: இதைக் கார்டின் மேல் போட முடியாது. மலிவான பென் டிரைவ்கள் யு.எஸ்.பி 3 என்று எழுதியிருந்தாலும் எழுதும்போது 10, 20 மெகாபைட்டுக்கு விழுந்துவிடும். 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் 100 மெகாபைட்டைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட வீடியோ போகவே மறுத்தால் டிஸ்க் ஃபாட்32 என்ற பழைய கோப்பு முறையில் பார்மட் ஆகியிருக்கிறது. உள்ளிருப்பதை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு எக்ஸ்ஃபாட் ஆகப் பார்மட் செய்யுங்கள்.

## ஹார்ட் டிஸ்க் செருகியவுடன் வயர் இல்லாத மவுஸ் தடுமாறுகிறது, வைஃபை இறங்குகிறது

யு.எஸ்.பி 3 ஓடும்போது எழும் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது. இன்டெல் 2012 இல் இதை அளந்து ஆவணமாகவே வெளியிட்டது. வயரில்லா மவுஸும் பழைய வைஃபையும் அதே அலைவரிசையில்தான் பேசுகின்றன. மவுஸின் குட்டி ரிசீவரை யு.எஸ்.பி 3 கார்டிலிருந்து எடுத்து, முன்பக்க யு.எஸ்.பி 2 போர்ட்டில் செருகுங்கள். பெரும்பாலும் இதோடு சரியாகிவிடும். சரிவராவிட்டால் ஒரு குறுகிய யு.எஸ்.பி 2 நீட்டிக் கேபிளில் ரிசீவரைத் தள்ளி வையுங்கள். வைஃபையை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். இதற்காகக் கார்டை மாற்றுவதில் பயன் இல்லை.

## கொஞ்ச நேரம் சும்மா விட்டால், அல்லது உறக்கத்திலிருந்து எழுப்பினால், டிஸ்க் காணாமல் போகிறது

விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிக்கப் போர்ட்டை அணைத்துவிடுகிறது. கன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸுக்குள் போய், மேம்பட்ட அமைப்புகளில் யு.எஸ்.பி செலக்டிவ் சஸ்பெண்டை அணையுங்கள். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யு.எஸ்.பி ரூட் ஹப்பிலும் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்க அனுமதிக்கும் குறியை எடுத்துவிடுங்கள். பிறகும் உறக்கத்தின் பின் மட்டும் வந்தால், பிரதி வேலை நடக்கும் நாட்களில் கணினியை உறங்கவிடாமல் வைத்திருங்கள். சில மலிவான கார்ட்களுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

## கார்டில் செருகிய கீபோர்ட் பயோஸில் வேலை செய்யவில்லை, பென் டிரைவிலிருந்து விண்டோஸ் போட முடியவில்லை

பழைய மதர்போர்டின் பயோஸுக்கு இந்தக் கார்டைத் தெரியாது. விண்டோஸ் ஏறிய பிறகே கார்ட் விழிக்கிறது. கீபோர்டையும் நிறுவும் பென் டிரைவையும் மதர்போர்டின் சொந்த போர்ட்களில் செருகுங்கள்.

## முன்பக்க நீலப் போர்ட்கள் ஓடவில்லை

சில கார்ட்களில் முன்பக்கத்துக்கு வயர் கொடுப்பதற்கான 19 முள் இணைப்பு உண்டு. அந்தத் தலை தடித்தது, விறைப்பான வயர் கொண்டது. சாய்வாக அழுத்தினால் முள் மடிந்து படுத்துவிடும். கைவிளக்கு பிடித்து, இரண்டு வரிசையும் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒரு மூலையில் முள் இல்லாமல் இருப்பது வழக்கம், அது திசை காட்டுவதற்கு. மடிந்த முள்ளை மெல்லிய பிளாஸ்டிக்கால் ஒரே தடவையில் நிமிர்த்தலாம். மீண்டும் மீண்டும் ஆட்டினால் முறிந்துவிடும். முறிந்தால் அந்த இணைப்பை விட்டுவிட்டுப் பின்பக்கப் போர்ட்களைப் பாவியுங்கள்.

## கேபிள் செருகும்போது பொறி தெறிக்கிறது, கேசிங்கைத் தொட்டால் கை அதிர்கிறது

இங்கே நிறுத்துங்கள். கார்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் மறந்துவிடுங்கள்.

பவர் சப்ளைக்குள் இரைச்சல் வடிகட்டுவதற்காக இருக்கும் கொன்டென்சர்கள், எர்த் இல்லாத இடத்தில் கேசிங்கின் இரும்பை நம் 230 வோல்ட்டின் பாதியளவுக்கு உயர்த்திவிடும். மின்னோட்டம் சிறிதாக இருப்பதால் அதிர்வோடு போகிறது. அதே கேசிங்கில் உண்மையான மின்கசிவு ஏற்பட்டால் உங்களைக் காப்பாற்ற எர்த் இருக்காது. மூன்று முள் பிளக்கை இரண்டு முள் மாற்றியில் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். மல்டி பிளக்கின் எர்த் முனை வெறும் துளையாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மாற்றியை எடுத்துவிட்டு நேரே சுவர்ப் பிளக்கில் செருகிய பிறகும் அதிர்ந்தால் வீட்டு எர்த் வயரே அறுந்திருக்கிறது, அல்லது போடப்படவே இல்லை. வீட்டு வயரிங் செய்யத் தகுதியுள்ளவரைக் கூப்பிட்டு எர்த் தண்டையும் ட்ரிப் சுவிட்சையும் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை கணினியைப் பிளக்கிலிருந்து கழற்றியே வையுங்கள். கேபிள் ரி.வி வயரோடு இணைந்த தொலைக்காட்சியைக் கணினிக்குத் திரையாகப் பாவிப்பவர்கள் ரி.வி வயரைக் கழற்றிவிட்டும் சோதிக்க வேண்டும். அந்த வயர் வழியாகவும் மின்சாரம் வரும்.

பிளாஸ்டிக் கருகும் மணம் வந்தால், பொத்தானைத் தேடாமல் சுவர்ச் சுவிட்சை அணைத்துப் பிளக்கை இழுங்கள். மீண்டும் ஓடவிட்டு மணம் வருகிறதா என்று பார்க்க வேண்டாம்.

## பழுதுபார்க்கக் கொடுக்கும்போது

மதர்போர்டின் பெயரும், கார்டின் சிப் பெயரும், டிவைஸ் மேனேஜர் காட்டிய இலக்கமும் தெரியும்படி தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். சிக்கல் கொடுக்கும் ஹார்ட் டிஸ்க்கையும், அதற்கு நீங்கள் பாவிக்கும் அதே கேபிளையும் சேர்த்துக் கொண்டு போங்கள். கேபிளை வீட்டில் விட்டுவிட்டு வருபவரின் கணினி கடையில் நன்றாக ஓடும், வீட்டில் மீண்டும் நிற்கும். டிஸ்க்கில் பிரதி இல்லாத படங்கள் இருந்தால் "இதில் எதையும் அழிக்கக் கூடாது, பார்மட் செய்யக் கூடாது" என்று ஒரு தாளில் எழுதி டிஸ்க்கின் மேலேயே ஒட்டிக் கொடுங்கள். வாயால் சொன்னது, வேலை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறும்போது காணாமல் போய்விடும்.